தண்ணி ஊத்துற கோஷ்டி, மாத்துற கோஷ்டி, விக்கிற கோஷ்டி

மக்களே, இது ஒரு ரேடியேட்டர் புராணம். கார்ல ஆர்வம் இல்லாதவங்களும் தைரியமா படிக்கலாம். ஏன்னா கடைசியில திட்டு வாங்கப் போறது மெக்கானிக் இல்ல, வெளிநாட்டுல உக்காந்து பொட்டி தட்டிக்கிட்டு இருக்கிற நாமதான்.

2024 ஜூலை. தங்கமணியும் பிள்ளைங்களும் ரெண்டு வாரம் கழிச்சு வர்றதா ஏற்பாடு. நான் மட்டும் முன்னாடி கிளம்பி திருவனந்தபுரத்துல வந்து இறங்குறேன். நாகர்கோவில்காரனுக்கு விமான நிலையம்னா அதுதான். எங்க மாவட்டம் 1956 நவம்பர் 1-ம் தேதிதான் அப்போதைய சென்னை மாநிலத்தோட சேர்ந்தது. அதுக்கு முந்தி எங்க தாத்தாமாருக்கு தலைநகரமே திருவனந்தபுரம்தான். இன்னிக்கும் ஆஸ்பத்திரி, ஏர்போர்ட், நல்ல துணி எல்லாத்துக்கும் அந்தப் பக்கம்தான் ஓடுவோம்.

வாசல்ல அப்பா, அம்மா, கூடவே அப்பாவோட 2001 மாடல் மாருதி 800. அப்பாவுக்கு 74 வயசு, வண்டிக்கு 23. ரெண்டு பேரும் பாக்க நல்லாத்தான் இருந்தாங்க. பின் சீட்டுல அம்மா காலுக்கு நடுவுல மட்டும் ஒரு 5 லிட்டர் கேன், நிறைய தண்ணி.

"இது எதுக்கும்மா?"

அம்மா ஜன்னலுக்கு வெளிய பாத்தாங்க. அப்பாதான் பதில் சொன்னார். "ஒண்ணும் இல்ல மக்ளே, வண்டி கொஞ்சம் தண்ணி குடிக்கும். பாறசாலையில ஒருக்கா, நெய்யாற்றின்கரையில ஒருக்கா ஊத்துனேன். வேற ஒரு கொறையும் கெடயாது."

எனக்கு பகீர்னு ஆச்சு. ஏன்னா அந்த வண்டிக்கு அந்த வருஷம் பிப்ரவரியிலதான் புது ரேடியேட்டர் போட்டிருந்தோம். கூலியோட 5,800 ரூபாய். டொரண்டோ பக்கத்துல இருந்து போன்ல "போட்டுருங்கப்பா"ன்னு உத்தரவு போட்ட மகாராசா நான்தான். ஏப்ரல்ல மறுபடி சூடு. அப்போ தெர்மோஸ்டாட்டைக் கழட்டி வீசிட்டாங்க. "அது இல்லன்னா சூடு ஏறாது"ன்னு விளக்கம். அதுக்கும் போன்ல தலையாட்டினது நான்தான். அதுக்கப்புறம் பேச்சே இல்ல, சரியாயிடுச்சுன்னு நினைச்சுக்கிட்டேன். அம்மா மடியில பூக்கூடை மாதிரி தண்ணிக் கேனைக் காவல் காத்துக்கிட்டுப் போறாங்கன்னு யாரும் எனக்குச் சொல்லல.

அம்மாவுக்கு பழவங்காடி கணபதிக்கு ஒரு தேங்காய் உடைக்கணும்னு நேர்த்தி. கிழக்கேகோட்டைக்கு வண்டியை விட்டோம். போனவங்களுக்குத் தெரியும், அது ஒரு இடம் இல்ல, ஒரு திருவிழா. ஒரு பக்கம் பஸ் ஸ்டாண்ட், ஒரு பக்கம் காந்தி பார்க், அந்தப் பக்கம் சாலைக் கம்போளத்துக்குப் போற கூட்டம், இந்தப் பக்கம் பத்மநாபசுவாமி கோயிலுக்குப் போற கூட்டம். நடுவுல முன்னும் போகாம பின்னும் போகாம 20 நிமிஷம். பிள்ளையாருக்கு சிதறு தேங்காய் விழுற சத்தம் கேக்குற தூரத்துல, பானெட்டுக்குள்ள இருந்து எங்க வண்டியும் புஸ்ஸுன்னு ஆவி விட்டுச்சு.

ஓரமா தள்ளி நிறுத்துறதுக்குள்ள நாலு ஆட்டோக்காரங்க கூடிட்டாங்க. நல்ல மனுஷங்க. ஒருத்தர் கையில துண்டைச் சுத்திக்கிட்டு ரேடியேட்டர் மூடியைத் திருகப் போறார். "சாரே, வெள்ளம் ஒழிச்சா மதி"ங்கிறார். தண்ணி ஊத்தினா போதுமாம். நான் கத்தின கத்துல அவர் கையை எடுத்துட்டார். அந்த மூடிக்குக் கீழ இருக்கிறது நம்ம வீட்டு வெந்நீர் இல்லங்க. நிறைய கார்கள்ல அந்த மூடி 0.9 கிலோ அழுத்தம் வரைக்கும் தாங்கிப் பிடிக்கும். அந்த அழுத்தத்துல வெறும் தண்ணி 100 டிகிரியில கொதிக்காது, கிட்டத்தட்ட 118 டிகிரி வரைக்கும் தண்ணியாவே இருக்கும். மூடியைத் திறந்த நிமிஷம் அழுத்தம் போயிடும், அவ்வளவும் ஒரே நேரத்துல ஆவியாகி மூஞ்சியில அடிக்கும். துண்டு காப்பாத்தாது.

சரி, வண்டி ஆறட்டும். அதுக்குள்ள மேட்டருக்கு வருவோம்.

பழைய வண்டியில தண்ணி குறையுதுன்னா நம்ம ஊர்ல மூணு கோஷ்டி கிளம்பும்.

முதலாவது, தண்ணி ஊத்துற கோஷ்டி. எங்க அப்பா இதோட நிரந்தரத் தலைவர். குறையுதா, ஊத்து. மறுபடி குறையுதா, மறுபடி ஊத்து. ரொம்ப ஒழுகினா கொஞ்சம் மஞ்சத்தூள், இல்லன்னா முட்டை வெள்ளைக்கரு. இப்பல்லாம் அதுக்குன்னே கடையில டப்பாவுல மருந்தும் விக்கிறாங்க. அவசரத்துக்கு ஊரு போய்ச் சேர இதெல்லாம் உதவலாம், இல்லேங்கல. ஆனா ஓட்டையை அடைக்கிற சாமானுக்கு எது ஓட்டை, எது ரேடியேட்டரோட மெல்லிசான குழாய்னு எப்படித் தெரியும்? ரெண்டையும் அடைச்சு வைக்கும்.

இந்தக் கோஷ்டி செய்யுற பெரிய கெடுதல் வேற. கூலன்ட்ல பச்சை, சிவப்புன்னு கலர் போட்டிருக்கிறது அழகுக்கு இல்ல. கசிஞ்சா கறை பிடிச்சு இடத்தைக் காட்டிக் கொடுக்கும். தொட்டா வழவழன்னு இருக்கும், லேசா இனிப்பு வாடை வரும். வெறும் தண்ணி ஊத்தினா? சூடான இன்ஜின் மேல சொட்டும், ஆவியாப் போகும், தடயமே இருக்காது. திருடன் கையுறை போட்டுக்கிட்டு வந்த மாதிரி. கூடவே, கூலன்ட்ல துருப்பிடிக்காம இருக்கவும் மருந்து கலந்திருக்கும். வெறும் தண்ணியில அது கிடையாது. இரும்பு, அலுமினியம், பித்தளைன்னு நாலு வித உலோகம் ஒரே தண்ணியில ஊறினா அரிப்பு சும்மா இருக்குமா? போர் தண்ணின்னா உப்பும் சேர்ந்து படியும். ஆக, கசிவை மறைக்கிறதும் புதுக் கசிவை உண்டாக்குறதும் அதே தண்ணிதான்.

ரெண்டாவது, மாத்துற கோஷ்டி. வண்டியைப் பாத்த உடனே வாயில வர்றது ஒரு பாகத்தோட பேரு. ரேடியேட்டர் போயிடுச்சு சார். இல்லையா, வாட்டர் பம்ப். இல்லையா, ஹெட் கேஸ்கட். ஒண்ணொண்ணா மாத்திக்கிட்டே போனா என்னிக்காவது ஒருநாள் சரியான பாகம் மாட்டும், லாட்டரி மாதிரி. எங்க வண்டிக்கு ஜூன் மாசம் ஒரு வொர்க்ஷாப்ல கொடுத்த அடுத்த எஸ்டிமேட் ஹெட் கேஸ்கட்டுக்கு 22,000. பேரெல்லாம் வேண்டாம். எனக்குச் சொன்னா நான் பணம் அனுப்பிருவேன்னு பயந்து அப்பா அதை மறைச்சிட்டார்!

மூணாவது, விக்கிற கோஷ்டி. இது நாம. "அந்த டப்பாவை வித்துத் தொலைங்கப்பா, புதுசு வாங்கித் தர்றேன்." இதைச் சொல்லாத என்ஆர்ஐ யாராவது இருந்தா கை தூக்குங்க. அரசாங்கமும் நம்ம கோஷ்டிதான். 15 வருஷம் தாண்டின காரோட பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயா இருந்த கட்டணம் 2022 ஏப்ரல்ல 5,000 ஆச்சு. 20 வருஷம் தாண்டினதுக்கு 2025 ஆகஸ்ட்ல 10,000 ஆக்கிட்டாங்க. மாருதி 800 தயாரிப்பு 2014 ஜனவரியில நின்னாச்சு, அதே வருஷம் மே மாசம் அம்பாசடரும் நின்னாச்சு. ஆனா அப்பாவுக்கு அந்த வண்டியோட கிளட்ச் காலுக்குப் பழக்கம், நீள அகலம் கண்ணுக்குப் பழக்கம். 74 வயசுல ஒருத்தர் தைரியமா ஓட்டுற வண்டியைப் பிடுங்கிட்டு, தொடுதிரை வெச்ச புது வண்டியைக் கொடுத்தா அது போர்ட்டிகோவுலதான் நிக்கும். அவரும் வீட்டோட நிப்பார்.

மூணு கோஷ்டிக்கும் ஒரே ஒரு ஒற்றுமை. எங்க ஒழுகுதுன்னு ஒருத்தரும் பாக்கல.

கிழக்கேகோட்டைக்கு வருவோம். ஆட்டோக்காரர் ஒருத்தர் போய் ஒரு ஆசானைக் கூட்டிக்கிட்டு வந்தார். (மெக்கானிக்கை அந்தப் பக்கம் ஆசான்னுதான் சொல்லுவாங்க.) சாலைக்குப் பின்னால ஒரு சந்துல ஷெட். 60 வயசு இருக்கும், பாதி தமிழ், பாதி மலையாளம். வந்தவர் ஒண்ணையும் தொடல. "ஆறட்டு"ன்னு சொல்லிட்டு சாயா குடிக்கப் போயிட்டார். அம்மா அந்த நேரத்துல தேங்காய் உடைச்சிட்டு வந்துட்டாங்க.

ஒரு மணி நேரம் கழிச்சு வந்து மூடியைத் திறந்தார். தண்ணியை நிரப்பினார். அப்புறம் பையில இருந்து எடுத்த சாமானைப் பாத்து எனக்கு சிரிப்பு வந்துச்சு. ஒரு பழைய ரேடியேட்டர் மூடி, அதுல ஓட்டை போட்டு சைக்கிள் டியூப் வால்வு பத்த வெச்சிருக்கு, பக்கத்துல ஒரு சின்ன பிரஷர் மீட்டர். அதை மாட்டி, சைக்கிள் பம்பால காத்தடிச்சார். முள்ளு 0.9-க்கு வந்ததும் நிறுத்திட்டார். இன்ஜின் ஓடல, சூடு இல்ல, ஃபேன் சத்தம் இல்ல. ஆனா உள்ள இருக்கிற தண்ணி, வண்டி ஓடுற அதே அழுத்தத்துல நிக்குது. நாங்க எல்லாரும் முள்ளையே பாத்துக்கிட்டு நிக்கிறோம்.

மெதுவா இறங்கிச்சு. ஆனா எங்கயும் சொட்டல.

அவர் அவசரப்படல. ரேடியேட்டர் அடி, மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், வாட்டர் பம்போட அடி எல்லாத்தையும் விரலால தடவினார். காஞ்சு கிடக்கு. அப்புறம் ஒரு சின்னக் கண்ணாடியையும் டார்ச்சையும் இன்ஜினுக்குப் பின்னால, டாஷ்போர்டு தகட்டுப் பக்கம் விட்டார். கையை நுழைச்சு எடுத்தார். விரல் ஈரம்.

ஹீட்டர் ஹோஸ்!

"அது ஹீட்டர் பைப்புல்லா? அத நாம யாரும் போடுறதே இல்லியே!" அப்பா அசந்துட்டார். நாகர்கோவில்ல எவன் கார்ல ஹீட்டர் போடுவான்? ஆனா நீங்க போட்டாலும் போடாட்டாலும் இன்ஜின் தண்ணி அந்த ஹோஸ் வழியா வால்வு வரைக்கும் வந்து, அழுத்தத்தோட நிக்கும். 23 வருஷ ரப்பர், கிளிப்புக்குக் கீழ பொடிப்பொடியா வெடிச்சிருக்கு. வண்டி சூடாகி அழுத்தம் ஏறினாத்தான் கசியும், கசிஞ்சது சூட்டுலயே காஞ்சிடும். அதனாலதான் வீட்டு வாசல்ல ஒரு சொட்டு கூட இல்ல. நான் இருக்கிற ஊர்ல அக்டோபர் வந்தா முதல்ல கை போறது ஹீட்டர் பட்டனுக்குத்தான். எனக்கே அது தோணலைங்கிறதுதான் கேவலம்.

ரெண்டு துண்டு ஹோஸ், நாலு கிளிப்பு, பக்கத்து ஸ்பேர்ஸ் கடையில 420 ரூபாய். கழட்டி வீசின தெர்மோஸ்டாட்டுக்குப் பதிலா புதுசு ஒண்ணு போடச் சொல்லி அவரே அடம் பிடிச்சார். அது இல்லன்னா இன்ஜின் சரியான சூட்டுக்கு வராம ஓடும், பெட்ரோல் அதிகம் குடிக்கும், தேய்மானமும் கூடும். பழைய தண்ணியை இறக்கிட்டு, கூலன்டும் டிஸ்டில்டு தண்ணியும் பாதிக்குப் பாதி. மறுபடி காத்தடிச்சார். 15 நிமிஷம் முள்ளு அசையல. எல்லா சாமானும் சேத்து 1,500 சொச்சம்.

"உங்க கூலி?"

"முந்நூறு தா சாரே. ஹோஸ் மாட்டின கூலி."

"கண்டுபிடிச்சதுக்கு?"

மனுஷன் சிரிச்சார். "கண்டுபிடிக்கான் ஆரெங்கிலும் காசு தருமோ?"

கண்டுபிடிக்கிறதுக்கு யாராவது காசு தருவாங்களா? நாலு மாசமா எங்க வண்டியில ஒழுகினதுக்குக் காரணம் அந்த ஒரு வரியில இருக்கு மக்களே.

யோசிச்சுப் பாருங்க. ஒரு மெக்கானிக் ரெண்டு மணி நேரம் செலவழிச்சு, ஒரு கிளிப்பை இறுக்கி சரி பண்ணிட்டு 500 ரூபாய் கேட்டா நாம என்ன சொல்லுவோம்? "ஒரு கிளிப்பை இறுக்குறதுக்கு ஐநூறா? கொள்ளை!" அதே ஆள் அரை மணியில ரேடியேட்டரை மாத்திட்டு 5,800 கேட்டா? பழைய ரேடியேட்டரைக் கையில வாங்கிப் பாத்துட்டு சந்தோஷமா கொடுப்போம். பொருளுக்குக் காசு, புத்திக்குக் காசு இல்லன்னு சட்டம் போட்டது நாமதான். அப்புறம் அவன் எதை விப்பான்? பொருளைத்தான் விப்பான். பாக்காம மாத்துறவனை உருவாக்கினது நம்ம பர்ஸ்தான். நான் வேலை பாக்குற ஊர்ல கராஜுக்குள்ள போனாலே, என்ன கோளாறுன்னு பாக்குறதுக்குத் தனியா ஒரு மணி நேரக் கூலி போட்டுருவாங்க. முணுமுணுத்துக்கிட்டே கட்டுறோம். ஊருக்கு வந்தா மட்டும் அதே கூலி கொள்ளையாத் தெரியுது.

இதுல சுவாரஸ்யம் என்னன்னா, நாம எல்லாரும் சாஃப்ட்வேர்காரங்க. பிழை எங்க இருக்குன்னு தெரியாம கோடை மாத்துறவனை மீட்டிங்ல வெச்சுக் கிழிப்போம். ரெண்டு நாள் லாக் பாத்து, ஒரு வரி மாத்தினவனைப் பாராட்டுவோம். சம்பளமே அந்த ரெண்டு நாளுக்குத்தான் வாங்குறோம். அப்பாவோட வண்டின்னு வந்தா மட்டும், 13,000 கிலோமீட்டருக்கும் மேல தூரத்துல உக்காந்து போன்ல ரேடியேட்டரை மாத்துறோம்.

பெரிய இடத்துல எப்படிச் செய்யுறாங்கன்னு ஒண்ணு சொல்றேன். 2022 டிசம்பர்ல சர்வதேச விண்வெளி நிலையத்துல நின்னுக்கிட்டு இருந்த ரஷ்யாவோட சோயுஸ் எம்எஸ்-22 விண்கலத்துல கூலன்ட் பீச்சி அடிக்க ஆரம்பிச்சது. மூணு பேர் திரும்பி வர வேண்டிய வண்டி. உடனே முடிவு எடுக்கல. கனடா செஞ்ச ரோபோ கையில கேமராவைக் கொண்டு போய் முதல்ல பாத்தாங்க. 1 மில்லிமீட்டர் கூட இல்லாத ஒரு ஓட்டை. பாத்து, கணக்குப் போட்டு, இதுல ஆளை இறக்க வேண்டாம்னு முடிவு பண்ணி, 2023 பிப்ரவரியில காலியா இன்னொரு விண்கலத்தை அனுப்பினாங்க. பழசு மார்ச்ல ஆள் இல்லாம தரையிறங்குச்சு. அவங்களும் கடைசியில வண்டியை மாத்தினாங்கதான். ஆனா பாத்துட்டு மாத்தினாங்க. நான் பாக்காம மாத்தினேன். வித்தியாசம் அவ்வளவுதான்.

இப்போ ஒரு எதிர்க்கேள்வி வரும். "23 வருஷ ரப்பர்னா எல்லா ஹோஸையும் ஒண்ணா மாத்த வேண்டியதுதானே?" நியாயம். அப்பாவும் அடுத்த மாசமே மிச்ச ஹோஸ் எல்லாத்தையும் மாத்திட்டார். ஆனா அது பராமரிப்பு. கோளாறைத் தேடாம ஊகத்துல மாத்துறது சூதாட்டம். ரெண்டையும் குழப்பிக்கக் கூடாது.

ஊர்ல பழைய வண்டி வெச்சிருக்கிற அப்பாமாருக்கு நீங்க போன்ல சொல்லக்கூடிய நாலு விஷயம்:

வண்டி ஆறியிருக்கும்போது, காலையில, ரிசர்வ் டேங்க்ல மட்டம் எங்க இருக்குன்னு பேனாவால ஒரு கோடு. ஒரு வாரம், எத்தனை கிலோமீட்டருக்கு எவ்வளவு குறையுதுன்னு ஒரு தாள்ல எழுதச் சொல்லுங்க.

ராத்திரி வண்டிக்கு அடியில ஒரு அட்டை. காலையில எந்த இடத்துல ஈரம்னு பாருங்க. ஏசி தண்ணி வாடை இல்லாம, வழவழப்பு இல்லாம இருக்கும். கூலன்ட் அப்படி இருக்காது.

முன் சீட்டுக்குக் கீழ கார்ப்பெட் ஈரமா இருந்தாலோ, முன் கண்ணாடியில காரணம் இல்லாம பிசுபிசுன்னு ஆவி படிஞ்சாலோ, ஹீட்டர் பக்கம் பாருங்க. வெளிய எங்கயும் ஈரம் இல்லாம மட்டம் இறங்கி, ஆயில் பால் கலந்த காபி மாதிரி இருந்தா, இல்ல சைலன்சர்ல வெள்ளைப் புகை நிக்காம வந்தா, அப்போ ஹெட் கேஸ்கட்டைப் பத்திப் பேசலாம். அதுக்கு முன்னாடி வேண்டாம்.

சூட்டு முள்ளை மட்டும் நம்பாதீங்க. அதோட சென்சார் தண்ணியில முங்கியிருந்தாத்தான் உண்மை சொல்லும். தண்ணி மொத்தமா காலியானா, இன்ஜின் வேகும்போதே முள்ளு கீழ இறங்கி நிக்கலாம்.

இது எல்லாத்துக்கும் மேல, மெக்கானிக்கிட்ட வண்டியை விடும்போதே ஒரு வார்த்தை: "எங்க ஒழுகுதுன்னு கண்டுபிடிச்சு எனக்குக் காட்டுங்க. அதுக்குத் தனியா கூலி தர்றேன். காட்டின அப்புறம் மாத்துறதைப் பத்திப் பேசலாம்." இதுக்குப் பெரிய ஆங்கிலம் ஒண்ணும் வேண்டாம், டாலரும் வேண்டாம்.

ஆசானுக்கு நான் 300-க்கு மேல இன்னொரு 500 கொடுத்தேன். "இது எதுக்கு?"ன்னார். "கண்டுபிடிச்சதுக்கு"ன்னேன். வாங்க யோசிச்சார். அப்பா அவர் சட்டைப் பையில சொருகிட்டார். தண்ணி ஊத்துற கோஷ்டித் தலைவர் அன்னிக்குக் கட்சி மாறினதை நான் கண்ணால பாத்தேன்.

நாகர்கோவில் போய்ச் சேர சுமார் 70 கிலோமீட்டர். களியக்காவிளை, மார்த்தாண்டம், தக்கலைன்னு எல்லா நெரிசல்லயும் மாட்டினோம். எங்கயும் தண்ணி ஊத்த நிக்கல. அம்மா மட்டும் வீடு வர்ற வரைக்கும் அந்தக் கேனைக் காலுக்கு நடுவுலயே வெச்சிருந்தாங்க. இப்போ அது கொல்லையில பிச்சிச் செடிக்குத் தண்ணி ஊத்துது.

ஊர்ல இருந்து அடுத்த போன் வரும்போது, எவ்வளவு ஆகும்னு முதல்ல கேக்காதீங்க. எங்க ஒழுகுதுன்னு கேளுங்க.

டிஸ்கி: இறக்கின பழைய கூலன்டைத் தெருவுல ஊத்தாதீங்க. இனிப்பா இருக்கும்னு நாய் நக்கும், கொஞ்சம் போனாலே செத்துடும். எங்க ஆசான் பழைய கேன்ல பிடிச்சு, மேல பேரு எழுதி எடுத்துட்டுப் போனார். அதுக்கும் அவர் கூலி கேக்கல :-)